கிணத்துக்குள்ள மஞ்சள்கரை வண்டு, தொட்டிக்குள்ள மீன் தின்னிப் புழு: உது நஞ்சோ?

#1 வடலி

எல்லாருக்கும் வணக்கம். இடம் யாழ்ப்பாணம், சுன்னாகம் பக்கம். ஐப்பசி மழை துவங்கினதில இருந்து தோட்டத்துச் சீமெந்துத் தொட்டிக்குள்ள ரெண்டு சாமான் திரியுது. ஒண்டு வண்டு. ஒரு அங்குலம் வரும், கரும்பச்சை, முதுகு நல்ல வழுவழுப்பு, ரெண்டு கரையிலயும் மஞ்சள் கோடு. மற்றது புழு. விரல் நீளம், மண்ணிறம், தட்டைத் தலை, முன்னுக்கு ரெண்டு வளைஞ்ச கொடுக்கு. நுளம்புக்கெண்டு விட்ட கப்பி மீன் குஞ்சுகள் வரவரக் குறையுது.

பிரச்சினை என்னெண்டால், அதே வண்டு குடிக்கிற கிணத்துக்குள்ளயும் கிடந்தது. அம்மா குளோரின் போடு எண்டுறா. பக்கத்து வளவு அண்ணை உது நஞ்சுப் பூச்சி, மாடு குடிச்சால் செத்துப்போம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். படம் ரெண்டு போட்டிருக்கிறன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 மாரித்தவளை

கரப்பான் நீச்சல் பழகியிருக்குது போல.

#3 கப்பிக்காரன்

சிரிக்கிற விசயமில்லை மாரி. மீன் வளர்க்கிற எங்களுக்கு உது பெரிய அரியண்டம். எனக்கும் ஒருக்கா தொட்டி கழுவேக்க கையில குத்தினது, முழங்கை வரைக்கும் விண்விண் எண்டு வலி. வடலி, கண்டவுடன நசுக்கி எறியுங்கோ, வேற கதை இல்லை.

#4 பயோ ரீச்சர்

தம்பி வடலி, படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன். நீங்கள் ரெண்டு சாமான் எண்டுறது உண்மையில ஒரே குடும்பம். வண்டு டைற்றிசிடே குடும்பத்து நீர்மூழ்கி வண்டு, சிபிஸ்டர் எண்ட சாதி. சிபிஸ்டர் ட்ரைபங்டேட்டஸ் எண்ட இனம் இலங்கை, இந்தியா எல்லா இடமும் இருக்கிறது. உங்கடையும் அதுவாக இருக்கலாம், ஆனால் ஒரு கைபேசிப் படத்தை வைச்சு இனப்பேர் அடிச்சுச் சொல்லமாட்டன். புழு அந்தக் குடும்பத்தின்ர குடம்பி, அதாவது வண்டாக முந்தின பருவம். உலகத்தில 4,000க்கு மேல இனங்கள் இருக்கிற குடும்பம் இது. குடம்பியும் நிறைவுடலியும் (வளர்ந்த வண்டும்) ரெண்டுமே ஊன் தின்னிகள்.

கப்பிக்காரன் சொன்ன பூச்சி வேற. விண்விண் எண்டு வலிச்சதெண்டால் அது பெரும்பாலும் பெலோஸ்டொமாட்டிடே, பெரிய தண்ணிப்பூச்சி. அது வண்டே இல்லை, மூட்டைப்பூச்சியின்ர வரிசையைச் சேர்ந்தது. வாய் ஊசிக் குழாய். முன்கால் ரெண்டும் பிடிச்சு அமத்துற கால். அதில சின்ன இனங்கள் எங்கட வயல் தண்ணியில நிறையக் கிடக்கு. முதுகு நிறைய முட்டையோட திரியிறதைப் பார்த்திருப்பியள், அது தாய் இல்லை, தகப்பன். பொம்பிளைப் பூச்சி முட்டையை அவரின்ர முதுகில ஒட்டிப்போட்டுப் போயிடும்.

உங்கட வண்டு டைற்றிசிடேயோ வேற நீர்வண்டோ எண்டு பிடிக்காமலே அறியலாம். தொட்டிக்குப் பக்கத்தில பேசாமல் இருந்து, காத்து எடுக்க மேல வரேக்க எந்தப் பக்கம் முதல் வருது எண்டு பாருங்கோ. டைற்றிசிடே பின்பக்கத்தைத்தான் முதல் நீட்டும். வாலடி தண்ணி மட்டத்தைத் தொட, முதுகை மூடியிருக்கிற தடிச்ச வன்சிறகை இம்மியளவு உயர்த்தி, காத்தை உள்ளுக்கு எடுத்து மூடிக்கொண்டு திரும்பக் கீழ போகும். போகேக்க வாலடியில ஒரு வெள்ளிக் குமிழ் ஒட்டிக்கொண்டு போறது வடிவாத் தெரியும். தலையை முதல் நீட்டினால் அது ஹைட்ரோபிலிடே எண்ட வேற நீர்வண்டுக் குடும்பம், கறுப்பு, கொஞ்சம் உருண்டை. அதின்ர பெரிசுகள் கூடுதலாகப் பாசி, அழுகல் தின்னிற சாதுக்கள், குடம்பிதான் வேட்டை. நீந்துறதும் வித்தியாசம்: டைற்றிசிடே பின்னங்கால் ரெண்டையும் ஒண்டாத் துடுப்புப் போடும், மற்றது மாறி மாறி உதைக்கும்.

இனி நஞ்சுக் கதை. கையில பிடிச்சால் கழுத்தடியில இருந்து பால் நிறத்தில ஒரு திரவம் விடும், மணமும் நல்லா இராது. அதுக்குள்ள இருக்கிறது ஸ்டீரோயிட் சாமான்கள். ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹெர்மன் ஷில்ட்க்னெக்ற் 1960களில ஐரோப்பிய டைற்றிஸ்கஸ் வண்டில ஆராய்ஞ்சு, எங்கட அதிரினல் சுரப்பியில இருக்கிற கோர்ட்டெக்சோன் எண்ட ஓமோன்தான் அது எண்டு கண்டவர். ஒரு வண்டில இருக்கிற அளவை மாட்டின்ர சுரப்பியில இருந்து பிரிச்சு எடுக்கிறதெண்டால் ஆயிரத்துக்கு மேல மாடு வேணும். வண்டை விழுங்கிற மீன் துப்பிப்போடும், சில நேரம் மயங்கியும் போகும். அது வாய்க்குள்ள போன மீனுக்கு. ஒரு கிணறு தண்ணிக்குள்ள ஒரு வண்டு நீந்தினால் மாடும் சாகாது, அம்மாவுக்கும் ஒண்டும் வராது. குளோரின் போடுறது வெள்ளம் வந்து கிணறு பழுதானால் கிருமிக்கு. வண்டை வாளியால அள்ளி வெளியில விடுங்கோ, காணும்.

#5 வடலி

ரீச்சர், கன நன்றி. பின்பக்கம்தான் முதல் வருகுது, இப்பதான் பார்த்தன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், ஆனாலும் கொதிக்க வைச்சுத்தான் குடிப்பன் எண்டுறா.

அப்ப கப்பியைத் தின்னிறது ஆர், வண்டோ புழுவோ?

#6 பயோ ரீச்சர்

கொதிக்க வைச்சுக் குடிக்கிறது எப்பவும் நல்லது, வண்டு இருந்தாலும் இல்லாட்டிலும். அம்மா சொல்றது சரி.

ரெண்டும் தின்னும். ஆனால் நான் நினைக்கிறன் கூட வேலை குடம்பியின்ர. அது தின்னிற விதத்தைப் பார்க்கவேணும். வாலடியைத் தண்ணி மட்டத்தில வைச்சு, அந்த நுனியில இருக்கிற துவாரத்தால காத்து எடுத்துக்கொண்டு, தலை கீழாக அசையாமல் தொங்கும். கொடுக்கு ரெண்டும் விரிச்சபடி. வாற்பேத்தை (தவளைக் குஞ்சு) கிட்ட வந்தால் ஒரு வெட்டுத்தான். அந்தக் கொடுக்கு ரெண்டுக்குள்ளயும் ஓட்டை ஓடுது. முதல் சமிபாட்டு நீரை இரைக்குள்ள செலுத்தும். தசையெல்லாம் உள்ளுக்கே கரைஞ்சு கூழாகும். பிறகு இளநிக்குக் குழாய் போட்டமாதிரி உறிஞ்சும். திரும்ப நீர் விடும், திரும்ப உறிஞ்சும். வாற்பேத்தையின்ர கரும் நிறம் வெளிறி வெளிறி, கடைசியில தோல் மட்டும் அடியில கிடக்கும். உங்கட தொட்டி அடியில கண்ணாடித் தோலோட மீன் குஞ்சு கிடந்தால் உதுதான் செய்த வேலை. கடிச்சுத் தின்ன மிச்சம், துண்டு துண்டாக் கிடந்தால் நிறைவுடலி. அதுக்கு உறிஞ்சிற கொடுக்கு இல்லை, எங்களைப்போல சப்பித்தான் தின்னும். செத்த மீன், காயப்பட்ட மீன் எண்டால் மணம் பிடிச்சு ஓடிவரும்.

கையில குடம்பி கடிச்சால் நோகும். தொட்டிக்குள்ள கை விடேக்க பார்த்து விடுங்கோ.

#7 மாரித்தவளை

> வன்சிறகை இம்மியளவு உயர்த்தி, காத்தை உள்ளுக்கு எடுத்து

ரீச்சர், பகிடி விட்டது போதும், உண்மையாக் கேக்கிறன். அவ்வளவு சின்னக் குமிழில எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? எங்கட தொட்டியில விட்டால் கன நேரம் மேலயே வராது.

#8 பயோ ரீச்சர்

நல்ல கேள்வி. உயர்தரத்தில வாயுப் பரவல் படிப்பிக்கேக்க நான் இதைத்தான் உதாரணமா எடுக்கிறனான்.

குமிழில இருக்கிற ஒட்சிசனை வண்டு எடுக்க எடுக்க, குமிழுக்குள்ள ஒட்சிசனின்ர அமுக்கம் தண்ணியில கரைஞ்சிருக்கிறதை விடக் குறையும். உடன தண்ணியில இருந்து ஒட்சிசன் குமிழுக்குள்ள வரும். குமிழ் வெறும் சேமிப்பு இல்லை, அதே நேரத்தில செவுளின்ர வேலையும் செய்யுது. மேல இருந்து கொண்டுபோனதை விடப் பல மடங்கு ஒட்சிசனை இப்பிடிக் கீழ இருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நைதரசன் மெல்ல மெல்ல வெளியில கசியும், குமிழ் சுருங்கும், பிறகு மேல வரத்தான் வேணும்.

இதில பெடியள் எப்பவும் நம்பாத ஒரு விசயம் இருக்கு. குமிழில காத்துக்குப் பதிலா தனி ஒட்சிசன் நிரப்பிவிட்டால் பூச்சி கன நேரம் இருக்கும் எண்டுதானே நினைப்பம்? டென்மார்க்கில ஈகே எண்டவர் 1910களில நீர்ப்பூச்சிகளில செய்துபார்த்தார். தனி ஒட்சிசனோட கீழ விட்டது கெதியாச் செத்துது. குமிழைத் தாங்கி நிக்கிறது நைதரசன்தான். அது இல்லாட்டில் குமிழ் நிண்டுபிடிக்காது, செவுளும் இல்லை.

இன்னொண்டு. தண்ணி சூடானால் அதில கரைஞ்சிருக்கிற ஒட்சிசன் குறைவு, பூச்சிக்குத் தேவை கூட. அதால சித்திரை வெயிலில அடிக்கடி மேல வரும், மார்கழிக் குளிரில குறைய வரும். மாரி, நீங்கள் பார்த்தது மழைக்காலத்திலதானே?

#9 மாரித்தவளை

ஓம் ரீச்சர், மார்கழி.

#10 ரொறன்ரோ வதிவிடம்

இஞ்ச குளிருக்குக் குளம் உறைஞ்சு கிடக்கேக்க, ஐசுக்குக் கீழ உந்தக் குடும்பத்து வண்டு நீந்தித் திரியிறதைக் கண்ணால பார்த்திருக்கிறன். ஐசுக்கு அடியில பிடிபட்டு நிக்கிற காத்துக் குமிழில வாலடியை வைச்சு எடுக்குமாம். ஊரில சின்னனில நாங்கள் பிடிச்சு விளையாடினது வட்டம் வட்டமாச் சுத்துற கறுப்புச் சின்ன வண்டு. அதுவும் இந்தச் சாதியோ?

#11 பயோ ரீச்சர்

அது கைரினிடே, சுழல் வண்டு. குடும்பம் வேற, ஆனால் சொந்தம்தான், வேட்டையும்தான். அதின்ர ஒவ்வொரு கண்ணும் ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பாதி தண்ணிக்கு மேல பார்க்கும், மறு பாதி கீழ பார்க்கும். தண்ணியில விழுந்து துடிக்கிற பூச்சியின்ர அலையை உணர்கொம்பால பிடிச்சு ஓடிப்போய்த் தின்னும்.

#12 கப்பிக்காரன்

சரி ரீச்சர், என்னைக் குத்தினது வேற ஆள் எண்டு வைப்பம். எண்டாலும் மீன் குஞ்சு போகுதே. அதை நசுக்கவேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ.

#13 தோட்டத்து மூலை

நான் வேற பக்கத்தால யோசிக்கிறன். உது நுளம்புக் குடம்பியும் தின்னுமெல்லோ? ஊர் முழுக்க டெங்கு. கப்பிக்குப் பதிலா உந்த வண்டையே பிடிச்சுக் கிணறு கிணறா விட்டால் என்ன? காசும் இல்லை.

#14 பயோ ரீச்சர்

தின்னும். குடம்பி நுளம்புக் குடம்பியை ஒண்டுவிடாமல் பொறுக்கும். ஆனால் டெங்குக்கு இது உதவாது. டெங்கு நுளம்பு ஈடிஸ், சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, யோகட் கோப்பை எண்டு சின்னச் சின்னத் தண்ணியில முட்டை போடுறது. எங்கட குடாநாட்டில உவர்த் தண்ணியில கூட அது பெருகிறதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கினம். சிபிஸ்டர் மாதிரி ஒரு வண்டு சிரட்டைக்குள்ள வந்து குடியிருக்காது. அதுக்குத் திறந்த, பெரிய தண்ணி வேணும், பாசி வேணும், கரை வேணும்.

கிணத்து நுளம்பு வேற கதை. 2016 இல இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே வருஷ முடிவில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டீபென்சி எண்ட, மலேரியா பரப்பக்கூடிய புது நுளம்பு பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலயும். அது கிணத்திலயும் தொட்டியிலயும் நல்லாப் பெருகும். அதால கிணத்துக்குக் கப்பி விடச் சொன்னால் விடுங்கோ. கப்பி அங்கயே குட்டி போட்டுப் பெருகும். வண்டை விட்டால் அண்டிரவே பறந்துபோடும். சிறகு இருக்கிற காவல்காரனை நம்பேலாது.

அதோட உதுக்கு நுளம்பு எண்டு தனி விருப்பம் இல்லை. தும்பிக் குடம்பியையும் தின்னும், கப்பியையும் தின்னும், வாற்பேத்தையையும் தின்னும், ஒண்டுமில்லாட்டில் தன்ர தம்பியையும் தின்னும். அந்தத் தும்பிக் குடம்பி நுளம்புக் குடம்பியைத் தின்னிறது, வாற்பேத்தை அதுக்குப் போட்டிதானே. கூட்டிக் கழிச்சுப் பார்த்தால் ஒரு குளத்துக்கு நன்மை, ஒரு தொட்டிக்குச் சொல்லேலாது.

#15 கப்பிக்காரன்

அப்ப தொட்டிக்கு நசுக்கலாம். அதைத்தான் நானும் சொன்னன்.

#16 பயோ ரீச்சர்

தொட்டிக்கு மேல ஒரு நுளம்பு வலையைக் கட்டுங்கோ, நசுக்க ஒண்டும் வராது. உது நடந்து வாறேல்லை, பறந்து வாறது. இரவில மின்னிற தண்ணியைத் தேடித்தான் வரும். தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கிடையாக முனைவுபட்டிருக்கும், அதாவது ஒளி அலை கிடைப் பக்கமாவே அதிரும். அதைப் பார்த்துத்தான் தண்ணி எண்டு முடிவெடுக்குது. இதால ஏமாறுறதும் உண்டு. 2006 இல ஹங்கேரி ஆய்வாளர்கள் சிவப்பு, கறுப்புக் கார்களில நீர்ப்பூச்சி வந்து இறங்கிறதைக் காட்டினவை. சோலர் தகட்டிலயும் அப்பிடித்தான். முற்றத்து லைற் தொட்டிக்கு நேர மேல எரிஞ்சால் அதையும் தள்ளிப் போடுங்கோ.

லைற்றுக்கு வாற பூச்சியில உண்மையாப் பயப்பிடவேண்டிய ஒண்டு இருக்கு. செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒல்லிப் பூச்சி, பீடரஸ். உடம்பில இருக்கேக்க நசுக்கினால் தோல் எரிஞ்சு கொப்பளிக்கும். ஊதி விடவேணும். சனம் பாவம் சிபிஸ்டரைப் பிடிச்சு நசுக்கிப்போட்டு, பீடரஸைத் தடவிக்கொண்டு திரியுது.

#17 ஆவுரஞ்சிக்கல்

வாசிச்சுக்கொண்டு வந்தன், ஒரு விசயம் ஒருத்தரும் தொடேல்லை. வண்டு தொட்டிக்கும் கிணத்துக்கும் ஏன் வருகுது? எங்கட குடாநாட்டில வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டுமில்லை. வழுக்கையாறு கூட மாரியில மட்டும் அராலிப் பக்கம் ஓடிக் கடலுக்குப் போறது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள தண்ணி இறங்கிப்போடும். மேல நிக்கிறது குளமும் கேணியும் வயலும்தான். அதிலதான் உது காலகாலமா இருந்தது.

ரீச்சர் திருத்தவேணும், ஆனால் நான் அறிஞ்சது: உதின்ர குடம்பி தண்ணிக்குள்ள கூட்டுப்புழு ஆகாது. வளர்ந்து முடிஞ்சவுடன கரைக்கு ஏறி, ஈரமண்ணுக்குள்ள குழி தோண்டி, அதுக்குள்ளதான் உரு மாறும். அப்ப கரை மண்ணாக இருக்கவேணும். இப்ப என்ன செய்யினம்? குளத்தைத் திருத்திறம் எண்டு நாலு பக்கமும் செங்குத்தாச் சீமெந்துச் சுவர், மேல நடைபாதை, கதிரை, கலர் லைற். தண்ணி வடிவா நிக்கும். குடம்பி ஏற வழி இல்லை. ஏறினாலும் மண் இல்லை. லைற் வேற வண்டை இழுத்துச் சுவரில அடிக்கும்.

முந்தி ஆக்கள் குளத்துக்கு ஒரு பக்கம் சரிவு விட்டுத்தான் கட்டினவை. மாடு இறங்கித் தண்ணி குடிக்கிறதுக்கு. குடிச்சுப்போட்டு ஏறி வந்து முதுகு தேய்க்கிறதுக்குத்தான் கரையில கல்லு நட்டது. கல்லு இப்பவும் நிக்குது, சரிவைக் காணேல்லை.

#18 தோட்டத்து மூலை

அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சுவர் கட்டாத குளத்துக்கு என்ன நடக்குது எண்டும் சொல்லவேணும். கரையால நிரப்பி நிரப்பி மதில் கட்டிக் காணியாக்கினவை. கோழிக்கடைக் கழிவும் பம்பர்ஸும் கொண்டுவந்து கொட்டுறவை. சுவர் வந்தாப் பிறகுதான் எங்கட ஊர்க் குளத்தின்ர எல்லை மிஞ்சினது. வண்டுக்காக எல்லையை விடேலாது.

மற்றது, கோயில் கேணி எல்லாம் அந்தக் காலத்திலயே நாலு பக்கமும் கல்லுப் படிதானே? அதுக்குள்ள வண்டு இருந்ததுதானே?

#19 ஆவுரஞ்சிக்கல்

கேணிக்குள்ள இருந்தது வண்டு, பெருகினது பக்கத்து வயலிலயும் தாமரைக் குளத்திலயும். கேணி அதுக்குத் தங்குமடம். அந்த வயலும் குளமும் இருக்கும்வரை கேணிக்கு வந்துகொண்டிருக்கும். நான் எல்லைச் சுவர் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சுவரைக் கரைக்கு வெளியில கட்டுங்கோ, தண்ணிக்கு உள்ள கட்டாதேங்கோ. சுவருக்கும் தண்ணிக்கும் இடையில கோரையும் மண்ணும் சரிவா இருக்கட்டும். நாலு பக்கமும் ஏலாட்டில் ஒரு பக்கம்.

#20 பயோ ரீச்சர்

ஆவுரஞ்சிக்கல் சொன்ன உயிரியல் சரி. பாசி, கோரையும் தேவை. சிபிஸ்டர் முட்டையைத் தண்ணித் தாவரத்தின்ர தண்டைக் கிழிச்சு அதுக்குள்ள வைக்கிறது. தாவரத்தைச் சுத்தம் செய்யிறம் எண்டு ஒரேயடியா வழிச்சால் முட்டையும் போகும்.

ஆனால் தம்பி, கரை மட்டும் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். குளத்துக்கெல்லாம் திலாப்பியா விட்டிருக்கினம். இந்தக் குடும்பத்தில கன இனங்கள் மீன் இல்லாத தண்ணியைத்தான் விரும்பும், சின்னக் குடம்பியை மீன் விடாது. அதாலதான் மாரியில மட்டும் நிண்டு பங்குனியில வத்துற வயல் வெள்ளம் இதுகளுக்கு நல்ல இடம். எரெற்றிஸ் எண்டு மங்கல் மஞ்சள் நிறத்தில ஒரு சாதி இருக்கு, வத்துற குட்டையிலதான் சீவியம். கெதியாக வளர்ந்து, தண்ணி வத்தேக்க கூட்டமா ஒரே நேரத்தில கிளம்பிப் பறக்கும். அந்த வெள்ளத்துக்குள்ள வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிச்ச பூச்சிமருந்து வடிஞ்சு வந்தால்? அது பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து. எந்தப் பூச்சி எண்டு அது பார்க்கிறேல்லை.

#21 தோட்டத்து மூலை

இது கடைசியில எங்கட தலையில வந்து நிக்கும் எண்டு தெரியும். மருந்து அடிக்காட்டில் வெங்காயம் இல்லை ரீச்சர். அடிச்ச தண்ணியை வாய்க்காலுக்க விடாமல் இருக்கலாம், தாங்கி கழுவிறதைக் குளத்தடியில செய்யாமல் இருக்கலாம். அதுக்கு மேல என்னட்டக் கேக்காதேங்கோ.

#22 ஆவுரஞ்சிக்கல்

தாங்கி கழுவிறதை நிப்பாட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது மூலை அண்ணை. மிச்சச் சண்டையை வேற இழையில பிடிப்பம்.

#23 வடலி

தொட்டிக்கு வலை கட்டியாச்சு. கப்பி குறையிறது நிண்டுட்டுது. வண்டைக் கொண்டுபோய் கந்தரோடைக் குளத்தில விட்டிட்டன். விடமுதல் வடிவாப் பார்த்தன், முன்னங்காலில வட்டமா ஒரு தட்டு, அடியில உறிஞ்சிகள் வரிசை வரிசையா இருந்தது. அது என்னத்துக்கு?

மற்றது தங்கச்சிக்கு பள்ளிக்கூடத்தில செயற்றிட்டம். புழுவை வைச்சு வளர்த்து வண்டாக்கப்போறன் எண்டு அடம் பிடிக்கிறாள். ஏலுமோ?

#24 பயோ ரீச்சர்

அப்ப உங்கட வண்டு ஆண். வழுவழுப்பான முதுகில ஒட்டிப் பிடிக்கிறதுக்குத்தான் அந்த உறிஞ்சிகள். புணர்ச்சி கன நேரம் போகும், பெண்ணுக்கு மேல வந்து காத்து எடுக்க இடம் இராது. அதால பெண் உதறி ஓடப் பார்க்கும். சில இனங்களில பெண்ணின்ர முதுகில வரியும் பள்ளமும் இருக்கும், உறிஞ்சி வடிவாப் பிடிக்காமல் இருக்க. ஆணுக்கு உறிஞ்சி கூடக்கூட, பெண்ணுக்குப் பள்ளம் கூடும்.

தங்கச்சியின்ர விசயம் ஏலும். பரந்த பாத்திரத்தில தண்ணி குறைவா, வாலடி மேல எட்டுற ஆழம் காணும். ஏறிப் பிடிக்க ஒரு பாசித்தண்டு போடுங்கோ. உயிரோட இரை வேணும், அசையாததைக் கனக்கப் பார்க்காது. நுளம்புக் குடம்பி, பிறகு வளர வளர வாற்பேத்தை. மிச்சத்தை ஒவ்வொரு நாளும் அகற்றி, கிணத்துத் தண்ணி மாத்துங்கோ. குழாய்த் தண்ணி எண்டால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைச்சுப்போட்டு.

மூண்டு பருவம், ரெண்டு தரம் தோல் கழட்டும். மூண்டாம் பருவ முடிவில தீனை நிப்பாட்டிப்போட்டு பாத்திரக் கரையைச் சுரண்டிக்கொண்டு ஓடும். அண்டைக்கே எடுத்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரமண் போட்ட வாளியில விடவேணும். தானே தோண்டி இறங்கும். மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. கிண்டிப் பார்க்கவிடாதேங்கோ, கூடு உடைஞ்சால் முடிஞ்சுது. சில கிழமையால வெளிறின, மெத்தென்ட வண்டு உள்ளுக்கே இருந்து கறுத்து இறுகித்தான் வெளியில வரும்.

ஒரு பாத்திரத்தில ஒரு குடம்பிக்கு மேல போடவிடாதேங்கோ. கையால பிடிக்காமல் அரிதட்டாலயோ பெரிய கரண்டியாலயோ எடுக்கச் சொல்லுங்கோ.